நுண்ணோக்கி கேள்வி–பதில்: எச்.ஐ.வி. தடுப்பூசியைச் சுமக்கும் பாக்டீரியா

சென்ற இதழில், எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வுகளில் பாக்டீரியாக்களையும் வாகனமாகப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. தைராய்டு, சர்க்கரை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் பாக்டீரியாவைப் பற்றிக் கேட்டால் பேச்சு நீளத்தான் செய்யும்.

வைரஸுக்கு எதிரான தடுப்பூசியில் பாக்டீரியாவுக்கு என்ன வேலை ஐயா? வகுப்பில் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.
— உயிரியல் ஆசிரியை, தேனி

கேட்ட பிள்ளைகளுக்கு என் பாராட்டு. எச்.ஐ.வி.யின் ஒரு புரதத்தை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுத்து ஊசியில் ஏற்றினால், நம் உடல் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆபத்து என்று காட்டும் அடையாளம் எதுவும் அதில் கிடையாது. பாக்டீரியா அப்படியல்ல. அதன் சுவரிலுள்ள கொழுப்புச் சர்க்கரை, நீந்த உதவும் கசையிழைப் புரதம், டி.என்.ஏ. என ஒவ்வொன்றையும் மோப்பம் பிடிக்க நம் செல்களில் தனித்தனி உணர்விகள் இருக்கின்றன. எனவே நோய் உண்டாக்க முடியாதபடி வலுவிழக்கச் செய்த ஒரு பாக்டீரியாவுக்குள் எச்.ஐ.வி.யின் மரபணு ஒன்றைச் செருகி அனுப்பினால், அது அந்தப் புரதத்தையும் தயாரிக்கும், உடலையும் உசுப்பிவிடும். வளர்ப்பதற்குச் செலவும் குறைவு. சில வகைகளை வாய்வழியாகவே கொடுக்கலாம். அது சிறிய சௌகரியம் என்று நினைக்க வேண்டாம். எச்.ஐ.வி. பெரும்பாலும் சளிச்சவ்வுகளின் வழியே நுழைகிறது. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரிலுள்ள, எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் சிடி4 செல்களைக் கூட்டம் கூட்டமாக அழித்துவிடுகிறது. அந்த இடத்திலேயே காவல் போட முடிந்தால் நல்லதுதானே?

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டுமென்றால் லிஸ்டீரியாவைச் சொல்லுங்கள். நான் பாடம் நடத்திய பாக்டீரியாக்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தாலும் சாவகாசமாக வளரும். அறை வெப்பத்தில் ஒரு சொட்டு வளர்ப்புத் திரவத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், தலைகீழாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே நகரும். அதைப் பார்த்த மாணவன் தேர்வில் அந்தப் பெயரை மறக்கவே மாட்டான்.

இந்த லிஸ்டீரியாவை மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல் பிடித்து ஒரு பைக்குள் அடைத்துக் கரைக்கப் பார்க்கும். மற்ற பாக்டீரியாக்கள் பல அங்கேயே மடிந்துபோகும். லிஸ்டீரியா மட்டும் லிஸ்டீரியோலைசின் என்ற நச்சைச் சுரந்து பையைத் துளைத்துக்கொண்டு செல்லின் நடுக்கூடத்துக்கு வந்துவிடும். அது அங்கே வெளியிடும் புரதங்களின் துண்டுகளை அந்தச் செல் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டும். தொற்றுக்குள்ளான செல்களைத் தேடிக் கொல்லும் சிடி8 டி செல்கள் பயிற்சி பெறுவது அதைப் பார்த்துத்தான். எச்.ஐ.வி.யும் செல்லுக்குள் ஒளிந்து வாழ்வது என்பதால், அதன் உட்கூட்டைக் கட்டும் ‘காக்’ புரதத்தை லிஸ்டீரியாவின் முதுகில் ஏற்றி எலிகளுக்குக் கொடுத்தார்கள். சிடி8 செல்கள் நன்றாகவே எழுந்தன.

ஆனால் லிஸ்டீரியா கர்ப்பிணிகளின் கருவைக் கலைக்கும், மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும். அதனால் டி-அலனின் என்ற பொருளைத் தானே தயாரிக்க முடியாத ஒரு வகையை உருவாக்கினார்கள். அந்தப் பொருள் இல்லாமல் அதற்குச் சுவர் கட்டத் தெரியாது. ஊசியோடு சேர்த்துக் கொடுக்கும் அளவு தீர்ந்ததும் பாக்டீரியாவும் தீர்ந்தது.

சால்மொனெல்லாவையும் விட்டுவைக்கவில்லை. வாயால் விழுங்கும் டைஃபாய்டு தடுப்பு மருந்தாக வலுவிழந்த சால்மொனெல்லா ஏற்கனவே பழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அதன் உறவுக்கார இனம் ஒன்றில் காக் புரதத்தை ஏற்றி, ஆரோக்கியமான சிலருக்கு வாய்வழியே கொடுத்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. சால்மொனெல்லாவுக்கு எதிராகப் பெரும்பாலோருக்கு எதிர்ப்பாற்றல் எழுந்தது. காக் புரதத்துக்கு எதிராகச் சொல்லிக்கொள்ளும்படி எழவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் ஊரே குதிரையைப் பார்த்து வியந்துவிட்டு, மாப்பிள்ளையைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போன கதையாயிற்று. இந்தத் துறையின் தலைவலியே இதுதான். கீழே வரும் பதில்களிலும் இது திரும்பத் திரும்ப எட்டிப்பார்க்கும்.

1968 வாக்கில் எங்கள் பகுதியில் பி.சி.ஜி. ஊசி போட்டார்கள். இடது கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அதே பி.சி.ஜி.யில் எச்.ஐ.வி. மரபணுவை ஏற்றுகிறார்களாமே? என் தழும்பால் ஏதாவது பலன் உண்டா?
— ஓய்வு பெற்ற தபால் ஊழியர், செங்கல்பட்டு

எச்.ஐ.வி.க்கு எதிராக ஒரு பலனும் இல்லை. உங்கள் கையில் போட்டது வெறும் பி.சி.ஜி. ஆனால் நீங்கள் உலகப் புகழ் பெற்ற ஓர் ஆய்வில் பங்கேற்றவராக இருக்கலாம். 1968-இல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத திரவம் போடப்பட்டது. தழும்பு இருப்பதால் உங்களுக்குக் கிடைத்தது அசல் மருந்துதான் என்று வைத்துக்கொள்ளலாம். 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களை பி.சி.ஜி. தடுக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதியானதால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம்.

செங்கல்பட்டில் ஏன் பலிக்கவில்லை? பலரும் ஏற்கும் விளக்கம் ஒன்று உண்டு. நம் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் சாதுவான உறவினர்கள் ஏராளம். அவற்றோடு சிறு வயது முதல் பழகிய உடல், பி.சி.ஜி.யைப் புதியதாக நினைக்கவில்லை. வாகனத்தை ஏற்கனவே தெரிந்து வைத்திருக்கும் உடலில் அந்த வாகனம் நெடுந்தூரம் ஓடாது. பி.சி.ஜி.யில் எதை ஏற்றி அனுப்ப நினைப்பவரும் செங்கல்பட்டை மறக்கக்கூடாது.

ஆனாலும் பி.சி.ஜி. மேல் ஆய்வாளர்களுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கினார்கள். 1921 முதல் கோடானுகோடிக் குழந்தைகள் பார்த்த மருந்து அது. பிறந்த அன்றே கொடுக்கலாம். 1991-இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் பி.சி.ஜி.க்குள் வேற்று மரபணுக்களை ஏற்றிக் காட்டின. அவற்றில் எச்.ஐ.வி. மரபணுக்களும் உண்டு.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. வேற்று மரபணுவைச் சுமப்பது பாக்டீரியாவுக்கு வீண் செலவு. யாரும் பார்க்காதபோது அது சுமையைக் கீழே போட்டுவிட்டு லேசாக வளரத் தொடங்கும். ஆய்வகத்தில் இதைத் தடுக்க ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு ஒன்றையும் கூடச் சேர்ப்பது வழக்கம். குழந்தைக்குப் போடும் மருந்தில் அது கூடாது. பார்சிலோனா, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஓர் அழகான வழி கண்டார்கள். அது வளரத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் மரபணுவை பி.சி.ஜி.யிலிருந்து நீக்கிவிட்டு, அதே மரபணுவை எச்.ஐ.வி. மரபணு இருக்கும் டி.என்.ஏ. வளையத்தில் வைத்தார்கள். சுமையைக் கீழே போட்டால் அதற்குச் சோறும் இல்லை! என்னைக் கேட்டால் இந்தத் துறையில் செய்த வேலைகளிலேயே இதுதான் மிகவும் நேர்த்தியானது. முதலில் இந்த பி.சி.ஜி., பிறகு அதே எச்.ஐ.வி. புரதத்தைச் சுமக்கும் எம்.வி.ஏ. என்ற வலுவிழந்த அம்மை வகை வைரஸ் என்று இரண்டு கட்டமாகக் கொடுத்தபோது எலிகளில் டி செல்கள் நன்றாக எழுந்தன. எலியில் எழுவது மனிதனில் எழுவதற்கு உத்தரவாதமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் எச்.ஐ.வி. ஆலோசகராக வேலை பார்க்கிறேன். தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுவதற்கே தாய்மார்கள் தயங்குகிறார்கள். உயிருள்ள பாக்டீரியாவையே வாகனமாக்கினால் ஆபத்து இல்லையா?
— ஆலோசகர், நாமக்கல்

தாய்மார்களின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்குள் பி.சி.ஜி.யே பரவி நோயாக மாறலாம். அதனால்தான் எச்.ஐ.வி. தொற்று உறுதியான குழந்தைகளுக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னார்கள். பிறகு எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துகள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. தாய்க்குத் தொற்று இருந்து, குழந்தையின் நிலை தெரியாமல், அறிகுறியும் இல்லையென்றால் பி.சி.ஜி. போடலாம். தொற்று உறுதியான குழந்தைக்கு, ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கி உடல் தேறிய பிறகு போடலாம். எப்போது என்பதை உங்கள் மையத்தின் மருத்துவர் குழந்தையைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

நீங்கள் கேட்டதற்கு அப்பால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுவது சிடி4 டி செல்களில், அதுவும் விழித்து வேலை செய்துகொண்டிருக்கும் செல்களில்தான் அதற்கு விருப்பம் அதிகம். தடுப்பூசியோ அந்தச் செல்களை விழிக்க வைக்கும் வேலையைச் செய்கிறது. குரங்குக் குட்டிகளுக்கு வலுவிழந்த காசநோய்க் கிருமியில், எச்.ஐ.வி.யின் உறவினரான குரங்கு வைரஸின் மரபணுவை ஏற்றிக் கொடுத்து, பிறகு அந்த வைரஸை வாய்வழியே புகட்டிய ஆய்வு ஒன்றில், தடுப்பு மருந்து பெற்ற குட்டிகள் மற்றவற்றைவிட எளிதாகத் தொற்றுக்கு ஆளாயின. வாகனம் உடலை நெடுநாள் பதற்றத்திலேயே வைத்திருந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

வைரஸ் வாகனத்திலும் இந்தப் பாடம் உண்டு. சளிக்காய்ச்சல் தரும் அடினோ வைரஸில் எச்.ஐ.வி. மரபணுக்களை ஏற்றிய தடுப்பூசியைச் சோதித்த ‘ஸ்டெப்’ ஆய்வை 2007-இல் பாதியில் நிறுத்தினார்கள். தடுப்பூசியில் முழு எச்.ஐ.வி. இல்லை, தடுப்பூசியே யாருக்கும் தொற்றைக் கொடுக்கவும் இல்லை. ஆனால் அந்த அடினோ வைரஸை முன்பே சந்தித்திருந்த ஆண்களிடையே, ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பின்னர் தொற்று அதிகமாக ஏற்பட்டது. உடலை உசுப்பினால் போதும் என்று பேசுகிறவர்களிடம் நான் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்வதுண்டு.

40 ஆண்டுகளாக ‘இதோ வந்துவிட்டது’ என்கிறார்கள். எல்லாம் நிதி வாங்கும் தந்திரம்தானே?
— வாசகர், திருநெல்வேலி

உங்கள் எரிச்சல் புரிகிறது. 1984-இல் அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர், இரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி பரிசோதனைக்குத் தயாராகும் என்று மேடையில் சொன்னார். அவர் வாயில் சர்க்கரை போடும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் 31 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்ததாக 2009-இல் அறிவித்தார்கள். அதே வழியைத் தென்னாப்பிரிக்காவில் தொடர்ந்தபோது பலனில்லை என்று 2020-இல் நிறுத்தினார்கள்.

தந்திரம் என்று சொல்ல மாட்டேன். இந்த வைரஸின் மேற்பரப்பில், கிருமியை முடக்க நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்ளக்கூடிய புரத முட்கள் சராசரியாக 14 அளவில்தான் இருக்கின்றன. அவற்றின் மேலும் நம் உடலின் சொந்தச் சர்க்கரையே போர்வையாகக் கிடக்கிறது. ஓர் ஆளுக்குள்ளேயே ஆயிரம் வேடம் போடும். நுழைந்த சில நாட்களில் நம் டி.என்.ஏ.வுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அம்மைக்கும் போலியோவுக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

தினமும் தயிர் சாப்பிட்டால் அதிலுள்ள லாக்டோபாசில்லஸ் எச்.ஐ.வி.யைத் தடுக்குமா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

தடுக்காது அம்மா. தயிர் சாப்பிடுங்கள், வயிற்றுக்கு நல்லது. பெண்ணுறுப்பில் இயல்பாக வாழும் ஒரு லாக்டோபாசில்லஸ் இனத்தில், எச்.ஐ.வி.யை ஒட்டிப் பிடிக்கும் சயனோவிரின் என்ற புரதத்தின் மரபணுவை ஏற்றி, பெண் குரங்குகளிடம் சோதித்து ஓரளவு பலன் கண்டிருக்கிறார்கள். அது தடுப்பூசி வகையில் சேராது, உங்கள் உறைமோர்ச் சட்டியிலும் கிடைக்காது.

குடல் பாக்டீரியா பற்றிச் சொல்ல இன்னொன்று உண்டு. 2013-இல் நிறுத்தப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், தடுப்பூசி போட்டவர்களின் எதிர்ப்பொருள்களில் பெரும்பகுதி வைரஸின் பயனில்லாத பகுதியையே குறிவைத்தது. அவற்றில் பல குடலில் வாழும் ஈ.கோலை போன்றவற்றோடும் ஒட்டிக்கொண்டன. குடல் பாக்டீரியாவைப் பார்த்து ஏற்கனவே பழகியிருந்த, எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்கள் முந்திக்கொண்டு ஓடிவந்துவிட்டன.

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன் ஐயா. இந்த வாகனங்களில் நீங்கள் எதன் மேல் நம்பிக்கை வைப்பீர்கள்?
— மாணவி, கோவை

உயிருள்ள பாக்டீரியாவின் மேல் எனக்கு இப்போது பெரிய நம்பிக்கை இல்லை. அதன் துண்டுகளின் மேல் இருக்கிறது.

வாகனம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் தடுப்பூசிக்காரர்களிடம் உண்டு. உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் 6, 10, 14-ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி போட்டிருப்பார்கள். இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழகத்திலும் கேரளத்திலும்தான். அதில் மூளைக்காய்ச்சல் தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான ‘ஹிப்’ பகுதி வெறும் சர்க்கரைச் சங்கிலி. தனியாகக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடல் அதைக் கண்டுகொள்ளாது. அதையே நச்சு நீக்கிய டெட்டனஸ் புரதம் போன்ற ஒன்றோடு பிணைத்துக் கொடுத்தால் கதை மாறுகிறது. சர்க்கரையை அடையாளம் கண்ட பி செல் இரண்டையும் சேர்த்தே விழுங்கி, உள்ளே நொறுக்கி, டெட்டனஸ் துண்டை வெளியே நீட்டும். டெட்டனஸை அறிந்த உதவி டி செல் (சிடி4 வகை) வந்து அதைத் தொட்டு ஊக்கம் கொடுக்கும். ஊக்கம் பெற்ற பி செல் எதிர்ப்பொருள் தயாரிப்பதோ சர்க்கரைக்கு எதிராக. இங்கே உடல் வாகனத்தைக் கவனிப்பது நமக்கு லாபம்.

எச்.ஐ.வி.யிலும் இதைச் செய்கிறார்கள். வைரஸ் நம் செல்லின் சவ்வோடு ஒன்றிக் கலப்பதற்குப் பயன்படுத்தும் எட்டே அமினோ அமிலம் கொண்ட ஒரு நுனி உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை முதலில் ஒரு கடல் நத்தையின் புரதத்தில் பிணைத்துப் பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவில், எலிகளில் எழுந்த மிகச் சிறந்த எதிர்ப்பொருள் 208 வகை எச்.ஐ.வி.க்களில் 31 விழுக்காட்டை முடக்கியது. அடுத்து நத்தைக்குப் பதிலாக டெட்டனஸ் நச்சின் ஒரு துண்டையே வாகனமாக்கிப் பார்த்தார்கள்.

இதைவிட எனக்கு ருசியானது இன்னொன்று. கொதிநீருக்கு நெருங்கிய வெப்பத்தில் வாழும் அக்விஃபெக்ஸ் என்ற பாக்டீரியாவிடம் லுமசைன் சிந்தேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் 60 பிரதிகள் தாமாகவே கூடி ஒரு பந்தாகிவிடும். ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தின் வில்லியம் ஷீஃப் குழு, ஒவ்வொரு பிரதியிலும் எச்.ஐ.வி. முள்ளின் ஒரு சிறு பகுதியை மாற்றியமைத்துப் பொருத்தியது. பல வகை எச்.ஐ.வி.யை முடக்கும் எதிர்ப்பொருளாக வளரக்கூடிய பி செல்கள் நம் உடலில் பல லட்சத்தில் ஒன்றுதான். அந்த அபூர்வ செல்லைத் தேடி எழுப்புவதே இந்தப் பந்தின் வேலை. 2022-இல் வெளியான முதல் கட்டச் சோதனையில், ஊசி போட்டுக்கொண்ட 36 பேரில் 35 பேருக்கு அந்தச் செல்கள் எழுந்தன. இந்தத் துறையில் 36-க்கு 35 என்ற எண்ணை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எதிர்ப்பாற்றலைத் தூண்டக் கூடச் சேர்த்த ஊக்கியிலும் சால்மொனெல்லாவின் சுவரிலிருந்து எடுத்துப் பதமாக்கிய கொழுப்பு இருந்தது. சால்மொனெல்லா முழுதாகப் போய்ச் சாதிக்காததை அதன் ஒரு துணுக்கு போய்ச் சாதிக்க உதவியிருக்கிறது.

அந்தச் சோதனையில் உதவி டி செல்களில் கணிசமானவை லுமசைன் சிந்தேஸையே அடையாளம் கண்டன. எதிர்பார்த்ததும் அதுதான். வேண்டாத பக்கமும் உண்டு, வாகனத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் எழுகின்றன. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுந்த செல்கள் இன்னும் எச்.ஐ.வி.யை முடக்கப் பழகவில்லை. அடுத்தடுத்து வேறு வேறு ஊசிகளால் அவற்றைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். உங்கள் முனைவர் பட்டத்துக்கு வேலை நிறையவே மிச்சமிருக்கிறது.

தடுப்பூசி ஆய்வில் தன்னார்வலராகச் சேர விருப்பம். அதனால் எச்.ஐ.வி. வந்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
— 24 வயது வாசகர், சென்னை

வராது. நான் மேலே சொன்ன எந்த வகையிலும் முழு எச்.ஐ.வி. கிடையாது. ஓரிரு மரபணுக்களோ புரதத் துண்டுகளோதான் இருக்கும். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தது உங்கள் ஊரில்தான். இந்தியாவில் அதிகம் பரவியிருக்கும் ‘சி’ வகையை வைத்து, எம்.வி.ஏ. வாகனத்தில் தயாரித்த தடுப்பூசியைச் சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையத்தில் 2006 வாக்கில் தன்னார்வலர்களுக்குப் போட்டுப் பார்த்ததும் உங்கள் ஊரில்தான். வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

வேறு இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஊசி போட்டுக்கொண்டோம் என்ற தைரியத்தில் ஆணுறையைக் கைவிடக்கூடாது. உங்களுக்குக் கிடைத்தது மருந்தா வெறும் திரவமா என்பது உங்களுக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. அடுத்தது, தடுப்பூசி எழுப்பிய எதிர்ப்பொருளால், தொற்றே இல்லாதபோதும் சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனை ‘பாசிட்டிவ்’ என்று காட்டலாம். சிலருக்குப் பல ஆண்டுகள் அப்படியே நீடிக்கும். வைரஸின் மரபணுவையே தேடும் பரிசோதனையில்தான் உண்மை தெரியும். எனவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே, நீங்கள் ஆய்வில் பங்கேற்றவர் என்பதற்குக் கடிதம் தருவார்களா, பிற்காலத்தில் சரியான பரிசோதனையை இலவசமாகச் செய்து தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு வேலைக்கோ காப்பீட்டுக்கோ ரத்தம் கொடுக்கப் போகும்போது அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.